பட்டாபிராம் ஜன்னல்களும் அவற்றின் பிடிகளும்

ஒரு வீட்டின் சரித்திரத்தைச் சொல்லப் புகுவோர் பெரும்பாலும் அதன் மனைப் பத்திரத்தையும், கட்டியவர் பெயரையும், தூணையும் கூரையையும் பற்றிப் பேசுவார்களேயன்றி, காலையில் திறக்கவும் மாலையில் மூடவும் அவ்வீட்டார் நாள்தோறும் கைவைக்கிற ஜன்னற் பிடியைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் வீட்டில் முதலில் தேய்வதும் முதலில் மாற்ற வேண்டி வருவதும் அந்தப் பிடியே ஆதலால், எந்தக் காலத்தில் எவ்விதமான பிடி வழங்கிற்று, அது முறிந்தபோது வேறொன்றை யார் செய்து கொடுத்தார்கள் என்று விசாரித்தால், அவ்வூருக்குத் தொழில் எங்கிருந்து வந்தது என்பதும் கூடவே தெரிந்துவிடும். சென்னைக் கடற்கரையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், ஆவடி மாநகராட்சிக்குள் அடங்கியுள்ள பட்டாபிராம் இந்த விசாரணைக்கு மிகவும் தகுந்த ஊர். மரக் கதவு போட்ட ஓட்டு வீடும், இரும்பு ஜன்னல் வைத்த மாடி வீடும், அலுமினியமும் பிளாஸ்டிக்கும் பொருத்திய அடுக்குமாடியும் அங்கே ஒரே தெருவில் அடுத்தடுத்து நிற்கின்றன.

1856 ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியபோது, அந்த இருப்புப்பாதை சென்ற பிரதேசம் ஏரிகளும் வயல்களும் நிறைந்த செங்கற்பட்டு ஜில்லாக் கிராமப் பிரதேசமாகவே இருந்தது. அக்காலத்துக் கிராம வீட்டின் ஜன்னல் சிறியது. குறுக்கே நெட்டுக் கம்பிகள். கம்பிகளுக்கு அப்பால் வெளிப்புறமாகத் திறக்கும் மரக் கதவுகள். சற்று வசதியுள்ள வீடுகளில் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு கதவுகள் இருக்கும். தெருவில் போவோர் பார்வை உள்ளே விழாதபடி கீழ்க் கதவுகளைச் சாத்திக்கொண்டு, காற்றுக்காக மேற்கதவுகளை மட்டும் திறந்து வைப்பது வழக்கம். இழுப்பதற்கு ஒரு வளையம், உள்ளே பூட்டுவதற்கு ஒரு சிறு தாழ்ப்பாள், திறந்த கதவு காற்றில் அடித்துக் கொள்ளாமல் நிறுத்துவதற்கு ஒரு கொக்கி, அக்கொக்கி மாட்டிக் கொள்ள நிலையில் அறைந்த ஒரு கண்ணி: இவ்வளவே உபகரணம். இவை யாவும் கருமான் உலையில் காய்ச்சி அடிக்கப்பட்டவை. அந்தக் கதவின் கனத்தையும் அந்த நிலையின் தடிப்பையும் பார்த்து அந்த வீட்டுக்கென்றே அடித்தவையாதலால், ஒரு வீட்டுக் கொக்கி அடுத்த வீட்டு ஜன்னலுக்குச் சேராது. சேராவிட்டாலும் நஷ்டமில்லை, முறிந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனால் அதே நீளத்தில் வேறொன்று கிடைத்துவிடும்.

கதவுக்கு நல்ல மரம் என்றால் அது பர்மாத் தேக்கு. தேக்கின் எண்ணெய்ப் பசை தன்னுள் இறங்கிய இரும்பாணியைத் துரு ஏறாமல் காக்கும் என்பது கப்பல் கட்டுவோர் நன்கறிந்த குணம். ஜன்னற் கொக்கியின் ஆணிகள் பழைய தேக்கு நிலைகளில் பல்லாண்டு பிடிப்பு விடாமல் நிற்பதற்கும் அதுவே காரணம். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. தேக்கு வரவு நின்றது. இரண்டாம் உலக யுத்தத்தின் அந்த வருஷங்களில் ஆவடிப் பிரதேசம் ராணுவத் தளமாயிற்று. பட்டாபிராமுக்குள் பிரிந்து செல்லும் மிலிட்டரி சைடிங் என்ற கிளைப் பாதையின் பெயரில் அந்தத் தொடர்பு இன்றும் நிற்கிறது. யுத்தம் முடிந்த பிறகு இந்தப் பக்கத்தில் வீடு கட்டியவர்களுக்கு மரத்தின் விலை எட்டாததாகிவிட்டபடியால், ஜன்னலுக்கு வேறு பொருள் தேட வேண்டிய அவசியம் ஏற்பட்டது.

அந்த வேறு பொருள் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு யோசனை. எசெக்ஸ் மாகாணத்தில் பிரெயின்ட்ரீ என்னும் சிற்றூரில், தகப்பனார் நடத்திவந்த இரும்புச் சாமான் கடையை ஏற்று நடத்திய பிரான்சிஸ் ஹென்றி கிரிட்டால் என்பவர், 1884 இல் உலோக ஜன்னல்களைச் செய்யத் தொடங்கினார். முதலாவது மகாயுத்தத்துக்குப் பின் அந்நாட்டில் ஏராளமான வீடுகளை ஒரே சமயத்தில் கட்ட வேண்டியதாயிற்று. அப்போது இரும்பு ஜன்னலுக்கு நிர்ணயமான அளவுகள் ஏற்பட்டு அது சாதாரணக் குடும்பங்களின் வீட்டிலும் புகுந்தது. நம் நாட்டில் 1947 இல் நிறுவப்பட்ட இந்திய நிர்ணய ஸ்தாபனம் இரும்புக் கதவு, ஜன்னல், வெளிச்சப் பலகணி ஆகியவற்றுக்கென 1038 ஆம் எண்ணுள்ள விதியை வகுத்தது. சட்டத்துக்கு எந்த உருக்குப் பட்டை, கதவுக்கு எது, பிடி எங்கே அமைவது, திறந்த கதவை நிறுத்திவைக்கும் நிறுத்துகோல் எவ்வளவு நீளம் என்பதெல்லாம் அதில் அடக்கம். எஃப்-7-டி என்று வெல்டிங் பட்டறைக்காரர்கள் இன்றும் நாவில் வைத்திருக்கும் உருக்குப் பட்டையின் பெயரும் இந்த நிர்ணயங்களின் வரிசையில் வருவதே.

இந்த நிர்ணய அளவுகளிடம் எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு. கருமான் அடித்த கொக்கியின் அழகைப் போற்றி, யந்திரம் செய்த பிடியை இகழ்வது நம் எழுத்தாளர்களிடையே ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. பட்டறை இருந்த ஊருக்கு அது பொருந்தும். பட்டறைகள் மூடிப்போன ஊரில் பிடி முறிந்த வீட்டார் என்ன செய்வார்கள்? முன்பின் அறியாத கடைக்குப் போய், எங்கோ ஒரு நகரத்தில் செய்த பிடியை வாங்கிவந்து, தம் ஜன்னலில் வைத்துப் பார்த்தால் அது பொருந்த வேண்டும். நிர்ணய அளவு என்னும் ஏற்பாடு, முகம் அறியாத மனிதர் இருவரின் வேலையை ஒன்றோடொன்று இசைய வைக்கிறது. இதைவிடப் பெரிய உபகாரம் ஏழை வீட்டுக்கு வேறெதுவும் எளிதில் செய்துவிட முடியாது.

இந்த இரும்பு ஜன்னல்கள் பட்டாபிராம் பக்கத்தில் பெருகிய காலமும் தொழிற்சாலைகள் பெருகிய காலமும் ஒன்றே. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை சோஷலிஸ பாணிச் சமுதாயத்தைத் தன் இலட்சியமாக ஏற்றது. அவ்வாண்டு அக்டோபர் 2 இல் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை தொடங்கிற்று. 1961 இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்து, 1965 இல் அதிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் அந்த அறுபதுகளில் பிறந்ததே. அந்த 1961 இல் அமைந்த வீட்டு வசதி வாரியமும், ஆலைகளின் குடியிருப்புகளும், தவணையில் மனை வாங்கிச் சொந்த வீடு கட்டிய ஊழியர்களும் இரும்பு ஜன்னலையே பெரிதும் நாடினார்கள். இவ்வீடுகளில் வசித்தவர்களில் பலர் ஃபிட்டர், டர்னர், வெல்டர் ஆதலால், பகலில் டாங்கிக்கும் ரயில் பெட்டிக்கும் அரம் பிடித்த கை, ஞாயிற்றுக்கிழமையில் வீட்டு ஜன்னலுக்கும் அரம் பிடித்தது. இந்த ஊரில் பழைய பிடிகள் பிற இடங்களைக் காட்டிலும் நீடித்து உழைத்ததற்கு அதை ஒரு முக்கிய காரணமாகக் கருதுகிறேன்.

அரம் தேவைப்பட்டதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1956 ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டத்தால் தேசம் அடி, அங்குலத்தை விட்டு மெட்ரிக் முறைக்கு மாறியது. கடைகளில் அளவுகோல் மாறிற்று. சுவரில் பதித்துவிட்ட ஜன்னல் மாறவில்லை. 2 அங்குல இடைவெளியில் துளையிட்ட தகட்டில் 50 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள பிடியைப் பொருத்தினால் முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக முரண்படும். கண்ணுக்குத் தெரியாத அந்த வித்தியாசம், இரண்டாவது திருகாணியைப் போடும்போது கைக்குத் தெரியும். பலவந்தமாக முறுக்கினால் மரை அழிந்துவிடும். வட்ட அரத்தால் ஒரு துளையை நீள்வட்டமாக இழைத்துவிட்டால் சாந்தமாக உட்காரும்.

பிடியைத் தேர்ந்தெடுப்பதில் துளையின் இடைவெளி முதல் விஷயமேயன்றி முழு விஷயமன்று. ஜன்னலுக்கு முன் நின்று பார்க்கையில் கீல் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதைப் பொறுத்துப் பிடியும் இடக்கை, வலக்கை என்று பிரியும். மாற்றி வாங்கினால் மூடிய நிலையில் பிடி தொங்குவதற்குப் பதில் தலைகீழாக நிற்கும், நாளடைவில் தன் கனத்தாலேயே இறங்கித் தானாகத் திறந்துகொள்ளும். அடுத்தது, சட்டத்திலுள்ள தகட்டைப் பற்றுகிற நாக்கின் உயரம். இது தாழ்ந்திருந்தால் தகட்டில் மோதும், உயர்ந்திருந்தால் பற்றாமல் ஆடும். மூன்றாவது விஷயம் நம் தேசத்துக்கே உரியது. நம் வீடுகளில் கதவு வெளியே திறக்கிறது, கம்பியோ உள்ளே நிற்கிறது; ஆகவே கம்பிகளுக்கிடையே கையை விட்டுத்தான் பிடியைத் திருப்ப வேண்டும். கம்பியில்லாத ஜன்னலை மனத்தில் கொண்டு வார்த்த நீண்ட பிடி, அரை வட்டம் சுற்றுவதற்குள் நம் கம்பியில் முட்டி நின்றுவிடும். பிடிக்கும் கம்பிக்கும் இடையே விரல் நுழைய இடம் உண்டா என்று அளந்து பார்க்காமல் பளபளப்பை மட்டும் பார்த்து வாங்கியவர்கள், மூடத் தெரியாத ஜன்னலோடு ஒரு மழைக்காலத்தைக் கழிக்க நேர்கிறது. ஆதலால் பழைய பிடியையே கழற்றிக் கடைக்கு எடுத்துப் போவதைவிடச் சிறந்த உபாயம் கிடையாது. அனுபவமுள்ள ஹார்ட்வேர் கடைக்காரர் அதைக் கையில் வாங்கி ஒரு முறை புரட்டிப் பார்த்தாரானால், கேள்வி கேட்காமலே உள்ளே போய்ச் சரியானதை எடுத்து வருவார்.

இவ்வளவும் சரியாக அமைந்தும் புதிய பிடி சில மாதங்களில் முறிந்துவிடுகிறதென்றால், குற்றம் பெரும்பாலும் பிடியிலில்லை, பெயிண்டில் இருக்கிறது. பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் பூசியது பூச்சின் மேல் பூச்சாகச் சட்டத்தின் உட்குழிவில் படிந்து கெட்டித்துப் போவதால், கதவு முழுதும் உள்வாங்க இடமின்றி நிற்கிறது; மிஞ்சிய தூரத்தைப் பிடியின் பலத்தால் இழுத்து மூடுகிறோம். அப்படி ஒவ்வொரு நாளும் இழுபடுகிற பித்தளை, ஒரு நாள் கழுத்தில் ஒடிகிறது. முதலில் பழைய பூச்சைச் சுரண்டி, கீலுக்கு எண்ணெய் விட்டு, கதவு பலவந்தமின்றி வந்து சட்டத்தில் படிகிறதா என்று பார்த்த பிறகே பிடிக்குப் போக வேண்டும். மரக் கதவுக்கும் இந்த நியாயமே. ஐப்பசி மழையில் ஊதிய பலகையைப் பிடித்து இழுத்ததில் திருகாணி பிடுங்கிக்கொண்டு வந்த துளையில், அதைவிடப் பெரிய திருகாணியை ஏற்றுவது மரத்தைப் பிளக்கும். தேக்குச் சிம்பு ஒன்றைப் பசை தடவி அறைந்து, காய்ந்த பின் அதில் புதிதாகத் துளையிடுவது தச்சர்களின் பழைய வழி.

நிறுத்துகோலை அலட்சியம் செய்வோருக்கு 2016 டிசம்பர் 12 ஆம் தேதி ஒரு பாடம் வந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வர்தா புயல் சென்னையைக் கடந்த அந்நாளில், வளைந்த கோலைச் சணற்கயிற்றால் கட்டி வைத்திருந்த ஜன்னல்களை அக்கயிறு காக்கவில்லை. துளைகளும் முளையும் தேயாத கோல் ஒரு சிறு பொருள். அது கதவைச் சட்டத்தோடு இறுகப் பிடித்தாலன்றிக் கண்ணாடிக்கு உத்தரவாதம் இல்லை.

அலுமினிய நழுவு ஜன்னல்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவற்றின் பூட்டு ஒரு சிறு கொண்டி, தேய்ந்தால் அப்படியே மாற்றிவிடுவது. பிளாஸ்டிக் ஜன்னல் கதை வேறு. அதில் பிடி கதவின் விளிம்புக்குள் மறைந்துள்ள நீண்ட பற்சட்டத்தை ஒரு சதுரக் கோலால் திருப்பி, மேலும் கீழும் பல இடங்களில் பூட்டுகிறது. ஐரோப்பிய வழக்கில் அக்கோல் 7 மில்லிமீட்டர் சதுரம், திருகாணித் துளைகளின் இடைவெளி 43 மில்லிமீட்டர். இந்த அளவுகளைத் தழுவிச் செய்த பிடிக்கு மாற்றுக் கிடைப்பது எளிது. கோலின் நீளம் ஒன்றை மட்டும் பழையதோடு ஒத்துப் பார்த்தால் போதும். தனக்கென்று ஓர் அளவு வைத்துக்கொண்ட கம்பெனியின் பிடியோ, அக்கம்பெனி அந்த மாதிரியை நிறுத்திவிட்ட மறுநாளே அநாதையாகிவிடுகிறது. பத்து வருஷம்கூட ஆகாத ஜன்னலை, பிடி கிடைக்காத ஒரே காரணத்தால் முழுதாகப் பெயர்த்தெறிந்த வீடுகள் உண்டு. கருமானுக்குப் பின் நிர்ணய ஸ்தாபனம் ஈட்டித் தந்த சுதந்திரத்தை நாமே கைநழுவ விடுகிறோமே என்று இதைக் காணும்போது மனம் வருந்துகிறது.

2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடிகள் கொண்ட டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அதைச் சுற்றிலும் மனை விலை ஏற ஏற, அறுபது எழுபதுகளில் கட்டிய வீடுகள் இடிபட்டு வருகின்றன. அவற்றின் இரும்பு ஜன்னல்கள் பிடியோடும் கோலோடும் காயலான் கடைத் தராசில் ஏறி, இரும்பு விலைக்கு எடை போடப்படுகின்றன. அந்தப் பித்தளைப் பிடிகளில் பெரும்பாலானவை இன்னும் நெடுங்காலம் உழைக்கக் கூடியவை. அதே அளவில் கனமாக வார்த்தவை இன்று கடையில் அரிது. வீட்டை இடிக்கக் கொடுப்போர் மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொல்லி, முதலில் ஆணித் தலையை உளியால் வெட்டிப் பிடிகளை இடக்கை, வலக்கை என்று பிரித்துக் கழற்றி வைக்கச் செய்தால், அதே தெருவில் இன்னும் இடியாமல் நிற்கிற வீட்டார் அவற்றைத் தேடி வந்து வாங்கிப் போவார்கள்.