பிச்சைப் பாத்திரம் எங்கிருந்து வந்தது?

"பிச்சைப் பாத்திரம்" என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது பாலாவின் "நான் கடவுள்" (2009) படம்தான். ஆனால் அது அந்தப் படத்துக்காகப் போட்ட பாட்டு இல்லை! அதற்குச் சில வருடங்கள் முன்பே "ரமண மாலை" என்ற ஆல்பத்தில் வந்துவிட்டது. எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் மூன்றும் ஒரே ஆள்... இளையராஜா.

சினிமா பாட்டு பலர் சேர்ந்து செய்யும் வேலை. டைரக்டர் காட்சியைச் சொல்வார், இசையமைப்பாளர் மெட்டுப் போடுவார், கவிஞர் வரி எழுதுவார், பாடகர் வந்து பாடுவார். 1976-ல் "அன்னக்கிளி"யில் தொடங்கிய இளையராஜா இப்படித்தான் ஆயிரக்கணக்கான பாடல்களைத் தந்தார். நடுவில் தானே வரி எழுதியதும் உண்டு. "இதயக் கோவில்" (1985) படத்தின் "இதயம் ஒரு கோவில்" அப்படி வந்ததுதான். ஆனால் அதுவும் ஒரு கதாநாயகனுக்கான பாட்டு. ரமண மாலையில் கதாநாயகனும் இல்லை, காட்சியும் இல்லை. ஒரு பக்தர், ஒரு குரு, அவ்வளவுதான்.

அந்த குரு ரமண மகரிஷி. 1896-ல் திருவண்ணாமலைக்கு வந்தவர், 1950-ல் மறையும் வரை அந்த மலையை விட்டுப் போகவில்லை. ஆரணியிலிருந்து போளூர் வழியாகப் பௌர்ணமிக்கு பஸ் ஏறிக் கிரிவலம் போகிறவர்களுக்கு ரமணாசிரமம் நன்றாகத் தெரியும். ஆனால் அதற்கு முன்பு அவர் மலைமேல் விருபாட்ச குகையில் இருந்த காலத்தில் ஆசிரமமும் இல்லை, சமையலும் இல்லை. கூட இருந்த சாதுக்கள் ஊருக்குள் போய்ப் பாடிப் பிச்சை எடுத்து வருவார்கள். வந்ததை எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுவார்கள். அப்படிப் பாடிப் போக அவர்களுக்காக ரமணர் எழுதிக் கொடுத்ததுதான் 108 கண்ணிகள் கொண்ட "அக்ஷர மணமாலை". பெரிய தத்துவ நூலாக இன்று ஓதப்படுவது, முதலில் தெருவில் சோற்றுக்காகப் பாடப்பட்ட பாட்டு!

இதைத் தெரிந்துகொண்டு இளையராஜாவின் பாட்டைக் கேட்டால் அது வேறு மாதிரி கேட்கும். அதில் இந்த உடம்பே ஒரு பிச்சைப் பாத்திரம். ராகம் மாயாமாளவகௌளை. கர்நாடக சங்கீதம் கற்கும் குழந்தை சரளி வரிசை பாடுவது இதில்தான். கையில் எதுவும் இல்லாதவன் பாடும் பாட்டுக்கு முதல் பாடத்தின் ராகம்!

பாலா படத்தில் இதைப் பாடியவர் மது பாலகிருஷ்ணன். ஜெயமோகனின் "ஏழாம் உலகம்" நாவலிலிருந்து வந்த பிச்சைக்காரர்கள் திரையில் நிற்கிறார்கள். உடல் ஊனத்தையே முதலாக வைத்து ஒருவன் வியாபாரம் செய்யும் உலகம் அது. ஆல்பத்தில் உவமையாக இருந்த பாத்திரம் இங்கே நிஜப் பாத்திரம் ஆகிவிட்டது. ஒரு பக்திப் பாட்டைப் படம் இழுத்துப்போய்விட்டது என்று சிலருக்குத் தோன்றலாம். உண்மையில் விருபாட்ச குகை சாதுக்கள் நடந்த தெருவுக்கே படம் அதைத் திருப்பிக் கொண்டுவந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் கணக்கில் ஒரு பாக்கி இருக்கிறது. தமிழில் தனி ஆல்பத்துக்கு சினிமா அளவுக்கு மார்க்கெட் இல்லை. படத்துக்குப் போன பாட்டை ஊரே பாடியது. அதே ஆல்பத்தின் "சதா சதா" போன்றவை பக்தர்கள் வட்டத்தோடு நின்றுவிட்டன. படத்தில் கேட்டவர்கள் ஒருமுறை இளையராஜாவின் குரலில் ரமண மாலையை முழுதாகக் கேட்டுப் பாருங்கள். மெருகில்லாத குரல்தான். ஆனால் கேட்பவனின் குரல் அப்படித்தானே இருக்கும்?