கொல்லிமலைச் சாமையும் ஒரு விஞ்ஞானியும்

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி. அதன் பிறகு 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஓரி ஆண்ட கொல்லிமலை. இந்தப் பாதையில் மிளகும் காப்பியும் பலாவும் கீழே இறங்குகின்றன, கூடவே மூட்டை மூட்டையாக மரவள்ளிக் கிழங்கு. ரேஷன் அரிசி மேலே ஏறுகிறது. ஆனால் இம்மலையின் மலையாளிப் பழங்குடிகளுக்கு நெடுங்காலம் அன்றாடச் சோறு போட்டவை சாமையும் தினையும் கேழ்வரகும்தான்.

சாமை என்று ஒரே சொல்லில் அடக்கிவிட முடியாது. மல்லியசாமை, சடஞ்சாமை, கட்டவெட்டிசாமை, வெள்ளைப்பெருஞ்சாமை, திருகுலசாமை என ஒவ்வொன்றும் தனி விதை. தினையில் செந்தினை, பெருந்தினை, மூக்கந்தினை. மண்ணின் வாகையும் மழையின் போக்கையும் பார்த்து எதை எங்கே விதைப்பது என்று தேர்ந்தவர்கள் மலை உழவர்கள். விளைந்த தானியத்தை மூங்கிலில் முடைந்து மண்ணும் சாணமும் பூசிய தொம்பையில் கொட்டி வைத்தார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றது. சேலத்தில் 1943 வாக்கில் மாணிக்கம் செட்டியார் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார். சேலம், ராசிபுரம், நாமக்கல் வட்டாரங்களில் ஆலைகள் பெருகின. மலைக்குச் சாலை வந்ததும் கிழங்குக்குக் கை மேல் காசு கிடைத்தது. சாமைக் கொல்லைகள் மரவள்ளிக் காடாயின. மத்தியப் பிரதேசத்தின் மாளவப் பகுதியிலும் இதே கதைதான்: 1970-களுக்குப் பிறகு சோயா பெருகப் பெருகச் சோளமும் சிறுதானியமும் நிலத்தை இழந்தன.

காசு மட்டும்தான் காரணம் என்று சொல்வது பாதி உண்மை. சாமை மணி கடுகைவிடச் சற்றே பெரிது, உமியோ இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கும். காய வைத்து, உரலில் இட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போகாததை மறுபடி குத்தி, மறுபடி புடைத்தால்தான் உலையில் போடும் அரிசி கிடைக்கும். காட்டு வேலை முடித்து வந்த பெண்களின் தோளில் விழுந்த பாடு இது. குத்தத் தேவையில்லாத அரிசி ரேஷன் கடையில் கிடைத்தபோது அவர்கள் உலக்கையைக் கீழே வைத்தார்கள். அவர்களை யார் குறை சொல்ல முடியும்?

இப்படிக் கைவிடப்பட்ட சாமையின் கதைக்குள் ஒரு விஞ்ஞானி வருகிறார். கும்பகோணத்தில் 1925-ல் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதனைக் கோதுமைப் புரட்சியோடு சேர்த்தே நாடு நினைவில் வைத்திருக்கிறது. குட்டை ரகக் கோதுமையை வட இந்திய வயல்களுக்குக் கொண்டு சேர்த்தவர், அந்த வெற்றி கைக்கு எட்டிய நேரத்திலேயே, 1968 ஜனவரியில் வாரணாசி அறிவியல் மாநாட்டில் எச்சரித்தார்: நூற்றுக்கணக்கான உள்ளூர் ரகங்களை அகற்றிவிட்டு ஒன்றிரண்டு வீரிய ரகங்களால் நிலத்தை நிரப்பினால், ஒரு நோய் தாக்கினாலே எல்லாம் அழிந்துபோகலாம் என்று. 1987-ல் முதல் உலக உணவுப் பரிசு அவருக்குக் கிடைத்தது. மறு ஆண்டு சென்னையில் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார். 1990-களில் அதன் ஆய்வாளர்கள் கொல்லிமலை ஏறினார்கள்.

விதைகளைத் திரட்டி ஊர் விதை வங்கிகள் அமைத்தார்கள். ஆனால் சாப்பிட ஆளில்லாத தானியத்தை வங்கியில் வைத்து எத்தனை நாள் காப்பது? வேளாண் ஆராய்ச்சி உமி நீக்கும் எந்திரத்தின் பக்கம் திரும்பியது இங்கேதான். கொல்லிமலை ஆய்வின் பெரிய பங்களிப்பு என்று நான் மதிப்பது இதைத்தான். 2001-ல் தொடங்கிய பன்னாட்டுத் திட்டம் ஒன்று பொலிவியா, பெரு நாடுகளின் குவினோவாவையும் இந்தியச் சிறுதானியங்களையும் ஒரே கூரையின் கீழ் ஆராய்ந்தது. அதன் வழியே கொல்லிமலைக்கு உமி நீக்கும் எந்திரங்கள் வந்தன. மகளிர் குழுக்கள் அவற்றை நடத்தின. சாமை அரிசியும் கேழ்வரகு மாவும் பையில் அடைபட்டு விற்பனைக்கு மலை இறங்கின.

சிறுதானியங்களைப் பொது விநியோகத்தில் சேர்க்க வேண்டும் என்று சுவாமிநாதன் தொடர்ந்து வாதாடினார். 2013-ன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. 2023 மே மாதம் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்தார். கேழ்வரகுக்குத் திறந்த அந்தக் கதவு சாமைக்கும் தினைக்கும் திறக்க வேண்டும், அதுவும் அவற்றை விளைவிக்கும் கொல்லிமலையின் கடைகளிலேயே முதலில்.