பிரசங்க மேற்கோள் ஆய்வு: சேலம், நாமக்கல் சமவெளி

கிறித்தவப் பிரசங்கங்களில் வரும் வேத வசனங்கள் எந்த மொழிபெயர்ப்பிலிருந்து வந்தவை என்று துருவிக் கண்டறிவது பிரசங்க மேற்கோள் ஆய்வு. 16, 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பிரசங்கங்களில் இது ஆழ வேரூன்றிய துறை. வசனத்தை அச்சுப் பதிப்போடு ஒத்துப்பார்த்தால் வேலை முடிந்தது என்ற நம்பிக்கை அங்கேயே பொய்த்துவிட்டது. 1611இல் வெளிவந்த மன்னர் ஜேம்ஸ் பதிப்புக்கு முன்னுரை எழுதிய மைல்ஸ் ஸ்மித், தம் மேற்கோள்களுக்கு அந்தப் பதிப்பை நாடவில்லை. பல இடங்களில் 1560இன் ஜெனீவா வாசகம் தெரிகிறது. சில இடங்களில் அவரே பெயர்த்த வாசகம். அக்காலப் பிரசங்கியார் லான்சலாட் ஆண்ட்ரூஸோ லத்தீனில் சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் விரிப்பார். ஆகவே பொருந்தாத வசனத்தைப் பிழை என்று ஒதுக்கக் கூடாது. பிரசங்கியார் எந்த மரபில் பயின்றார் என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும்.

சேலம் வட்டாரத்துக்கு இது கூடுதலாகப் பொருந்தும். இங்கே பிரசங்கம் முந்தியது, அச்சுவேதம் பிந்தியது. 1623இல் மதுரையிலிருந்து புறப்பட்ட கத்தோலிக்கத் துறவி ராபர்ட் தெ நொபிலி, திருச்சி வழியாகச் சேந்தமங்கலத்துக்கும் பிறகு சேலத்துக்கும் வந்து போதித்தார். அன்று தமிழில் அச்சான புதிய ஏற்பாடே கிடையாது. லுத்தரன் மிஷனரி சீகன்பால்கின் மொழிபெயர்ப்பு தரங்கம்பாடியில் அச்சேறத் தொடங்கியது 1714இல்தான். நொபிலிக்கு ஆதாரம் லத்தீன் வேதம். தமிழ் வாசகம் அவருடையது. அவருடைய ‘ஞானோபதேச காண்டம்’ போன்ற நூல்களின் வசனங்களைப் பிற்காலத் தமிழ் வேதத்தில் சொல்லுக்குச் சொல் தேடுவது வீண்.

சொல் கைவிடும் இடத்தில் எண் உதவுகிறது. லத்தீன் வேதம் எபிரெய மூலத்தின் 9, 10ஆம் சங்கீதங்களை ஒன்றாக்கிவிடுவதால், அதன்பின் பெரும்பகுதிக்கு எண் ஒன்று குறையும். ஆயனைப் பற்றிய புகழ்பெற்ற சங்கீதம் கத்தோலிக்கருக்கு முன்பு 22, சீர்திருத்த சபையாருக்கு 23. பத்துக் கட்டளைகளிலோ பிரிவு வேறு இடத்தில் விழுகிறது. தாய் தந்தையரைப் போற்றும் கட்டளை கத்தோலிக்கருக்கும் தரங்கம்பாடி லுத்தரன்களுக்கும் நான்காவது. 1827இல் ஹென்றி கிறிஸ்ப் சேலத்தில் தொடங்கிய லண்டன் மிஷன் மரபில் ஐந்தாவது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று வழிகளும் தனித்தனியே பிரிகின்றன: 22உம் நான்கும் வந்தால் கத்தோலிக்கம், 23உம் நான்கும் வந்தால் தரங்கம்பாடி, 23உம் ஐந்தும் வந்தால் லண்டன் மிஷன். ஒரு வசனம்கூட முழுதாகத் தேவையில்லை!

ஏட்டைப் படியெடுத்தவர் எண்ணை மாற்றியிருக்கலாமே என்பது நியாயமான ஆட்சேபம். கைதவறினால் எண்கள் தாறுமாறாகத் திரியும். எல்லாச் சங்கீதமும் ஒன்று குறைந்தே வந்தால் அதைத் தவறு என்று சொல்ல முடியாது. வேண்டுமென்றே திருத்தியிருந்தாலும், கட்டளை வரிசையையும் தேடிப்பிடித்து மாற்றும் பொறுமை அரிது. இதைவிட வலுவான ஆட்சேபம் ஆட்கள் இடம் மாறுவது. திருநெல்வேலியில் மிஷனரி ரேனியஸோடு உழைத்த ஜெர்மானியர் லெக்லர், 1840இல் சேலம் லண்டன் மிஷனுக்கு வந்தார். இப்படி ஓரிடத்தில் பயின்று வேறிடத்தில் பிரசங்கித்தவர் பழைய எண்ணையே சொல்லக்கூடும். ஆக இந்த முறை காட்டுவது பிரசங்கியார் படித்த பள்ளியை. சபையை முடிவுசெய்ய வேறு சான்றும் வேண்டும். மனப்பாடம் செய்த வரிசை எளிதில் மாறாது என்பதால், படித்த இடத்துக்கு அது வலுவான தடயம்.

காலத்தாலும் இதற்கு எல்லை உண்டு. 1995இல் வெளியான திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு எபிரெய எண்முறையைக் கொண்டதால், அதற்குப் பிந்தைய உரைகளில் சங்கீத எண்ணால் பிரித்தறிய முடியாது. கட்டளை வரிசை மட்டும் இன்னும் பிரிந்தே நிற்கிறது.