கண்டி நாட்டுத் துப்பாக்கிக் குழலும் 1848 மாத்தளை எழுச்சியும்

மாத்தளை எழுச்சி பற்றி எழுதுவோர் வரிகளை விரித்துரைப்பர். வரி விதிக்கப்பட்ட பொருள்களைக் கூர்ந்து நோக்குவது அரிது. 1848 ஜூலை 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்த வரிகளுள் துப்பாக்கி வரியும் ஒன்று. ஆண்டுதோறும் 2 சிலிங் 6 பென்ஸ் செலுத்தியே ஒருவர் தம் துப்பாக்கியை வைத்திருக்கலாம் என்றாயிற்று. அத்துப்பாக்கி எத்தகையது? அதன் குழல் எவ்வளவு உறுதியானது? குறி எவ்வளவு தவறாதது? எழுச்சியின் தோல்விக்குக் கூறப்படும் காரணங்களை மதிப்பிடுவதற்கு இவ்வினாக்கள் இன்றியமையாதன.

போர்த்துக்கேயர் வருகையை அடுத்துத் துப்பாக்கித் தொழில் இலங்கையில் வியத்தகு விரைவில் வளர்ந்தது. 1596 இல் வெளியான தம் நூலில் ஒல்லாந்தரான லின்ஸ்கோட்டன் இந்நாட்டுக் கொல்லர் செய்த குழல்களைப் பாராட்டியுள்ளார். கண்டி இராச்சியத்தில் இத்தொழில் இராசகாரிய முறையுட்பட்டு நிலைத்தது. விசைப்பொறி இடப்புறம் அமைதல், கட்டையின் அடிப்பாகம் சுருளாகப் பிளவுபடுதல் என்பன இத்துப்பாக்கிகளின் தனியடையாளங்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்புத் தகட்டைக் கோலொன்றின் மேற் சுற்றி, விளிம்புகளை அடித்து ஒட்டி, உட்டுளையைக் கடைந்து சீராக்குவதே கையாற் குழல் செய்வோர் பொதுவாகக் கையாண்ட முறை. ஒட்டில் ஊறு நேரின் குழல் வெடிக்கும். சுடுவோன் கை போகும். கொல்லனின் பெயரைக் காத்தது மேற்புறச் சித்திர வேலைப்பாடன்று. கண்ணுக்குப் புலனாகாத அந்த ஒட்டே.

எனினும் இன்று எஞ்சியுள்ள துப்பாக்கிகளில் நம் கண்ணைக் கவர்வன மேற்புறத்துப் பட்டைகளும் செதுக்கு வேலைகளுமே. இவை குழலுக்கு வலிமை தருவன என்று கருதுவோர் உளர். இக்கால வேட்டை றைபிள்களின் புறத்தே நீளவாக்கில் வெட்டப்படும் பள்ளங்களைப் பற்றியும் இக்கருத்தே நிலவுகின்றது. இது பாதி உண்மை.

குழலின் வளையாத் தன்மை அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 8 மில்லிமீற்றர் துளையுடைய இரு குழல்களுள் ஒன்றின் புறவிட்டம் 22 மில்லிமீற்றர், மற்றதனது 25 மில்லிமீற்றர் எனக் கொள்வோம். பின்னதன் எடை முன்னதைப் போல் ஏறத்தாழ 1.3 மடங்கு, விறைப்போ 1.7 மடங்கு. ஆகவே பருத்த குழலிற் பள்ளம் வெட்டி எடையைக் குறைத்தால், அதே எடையுள்ள மெல்லிய குழலைவிட அது விறைப்பாக இருக்கும். ஆனால் வெட்டப்படுமுன் தனக்கிருந்த விறைப்பு அதற்கு இராது. இரும்பை அகற்றி வலிமையைக் கூட்டுதல் எங்ஙனம் இயலும்? வெடிப்பைத் தாங்கும் ஆற்றலை முடிவு செய்வது பள்ளத்தின் அடியில் எஞ்சிய கனமே. மருந்து எரியும் அடிப்பகுதியில் அமுக்கம் மிக அதிகம். வாயை நோக்கிச் செல்லச்செல்ல அது குறையும். அடிப்பகுதியைப் பருமனாகவும் அதற்கப்பால் மெலிந்தும் குழல் அமைக்கப்பட்டதன் நியாயம் இதுவே.

குறியின் செம்மை வேறொரு விடயம். றைபிளின் உட்புறத்தே வெட்டப்பட்ட சுருள்வரிகள் குண்டைச் சுழலச்செய்து நேர்வழியிற் செலுத்துகின்றன. அத்தகைய குழலிற் புறப்பள்ளம் சீராக வெட்டப்படாவிடின் உலோகத்தின் உள்விசைகள் மாறித் துளையின் ஒழுங்கு குலையலாம். கண்டியக் குழலோ வழுவழுப்பான உட்புறமுடையது. வாய்வழி எளிதிற் புகுத்துவதற்காகக் குண்டு துளையினுஞ் சிறியதாகவே வார்க்கப்படும். இந்த இடைவெளியாற் குண்டு குழலின் பக்கங்களில் மோதிச் செல்லும். வெளிப்படும் திசை ஒவ்வொரு முறையும் சற்றே வேறுபடும். புறத்தே எத்துணை நுட்பமாகச் செதுக்கினும் இக்குறை நீங்காது. ஆங்கிலேயரின் வழக்கமான காலாட்படைத் துப்பாக்கியும் இவ்வகையினதே. அதன் துளை 0.75 அங்குலம், குண்டு ஏறத்தாழ 0.69 அங்குலம்.

சேனைப் பயிரை அழிக்கவரும் பன்றியை அண்மையில் நின்று சுடுவதற்கு இக்குழல் போதுமானது. மண்வெட்டியைப் போல் அதுவும் குடியானவனின் கருவி. வருவாய்க் குறையை நிரப்ப முனைந்த டொரிங்டன் ஆட்சி அதன்மீது வரி விதித்தபோது, விளைநிலத்தின் காவலுக்கே விலை கேட்டது எனலாம். படைக்கலங்களைக் கணக்கெடுக்கும் நோக்கமும் இதில் அடங்கியிருந்தது என்று எண்ணுதல் தவறாகாது.

ஜூலை இறுதியில் எழுச்சியாளர் மாத்தளையைக் கைப்பற்றினர். கண்டியிலிருந்து கப்டன் லில்லி தலைமையில் வந்த படை வாரியப்பொலவில் அவர்களைச் சிதறடித்தது. அரச படையில் உயிரிழப்பு இல்லை. இதனைக் கொண்டு நாட்டுத் துப்பாக்கி இழிந்ததென முடிவு கட்டுவோர் உளர், இக்கூற்றை ஏற்பதற்கில்லை. வழுவழுத்த குழல்கள் குறிபார்த்துக் கொல்வனவல்ல. அணியாக நின்று ஒரே வேளையிற் சுடுவோர்க்கே அவை பயன்படும். அவ்வாறு சுடுதற்கு நெடிய பயிற்சியும் சீரான மருந்து வழங்கலும் வேண்டும். தனித்தனியே தம் சேனையைக் காத்து நின்றோருக்கு இவை எங்கிருந்து வரும்? வேறுபாடு இரும்பிலன்றி அமைப்பிலேயே இருந்தது.

புரன் அப்பு ஆகஸ்ட் 8 ஆம் திகதி கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். மன்னராக முடிசூட்டப்பட்ட கொங்காலேகொட பண்டா, இன்றைய உக்குவளைப் பிரதேசத்துள் அடங்கும் எல்கடுவை மலைப்புறத்தில் மறைந்திருந்து, செப்டெம்பர் 21 ஆம் திகதி மலாய்ப் படையினரிடம் பிடிபட்டார். அவருக்கு விதிக்கப்பட்ட மரணதண்டனை கசையடியாகவும் நாடுகடத்தலாகவும் மாற்றப்பட்டது. 1849 இல் மலாக்காவில் இறந்தார். டொரிங்டன் 1850 இல் திருப்பியழைக்கப்பட்டார்.