நடு மைக்கில் நின்ற இருவர்

2006 கிறிஸ்துமஸ் சமயத்தில் 'டிரீம்கேர்ள்ஸ்' என்ற படம் அமெரிக்காவில் வெளியானது. மூன்று கறுப்பினப் பெண்கள் சேர்ந்து பாடும் குழு. அதில் ஆளை உலுக்கும் குரல் உள்ளவளைப் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டு, பார்க்க லட்சணமாகவும் கேட்க மென்மையாகவும் இருப்பவளை மேனேஜர் முன்னால் நிறுத்துகிறார். இது யார் கதை என்று அமெரிக்க ரசிகர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 1960களைக் கலக்கிய சுப்ரீம்ஸ் குழுவின் சாயலில் எழுதப்பட்டு, 1981இல் பிராட்வேயில் மேடையேறிய நாடகம்தான் படமாகியிருந்தது. டயானா ராஸை நினைவூட்டும் டீனா வேடத்தில் நடித்தவர் பியான்சே. ஒரு பெண்கள் குழுவிலிருந்து தனியாக வந்து ஜெயித்தவரின் வேடத்தை, அதே மாதிரி இன்னொரு குழுவிலிருந்து வந்து ஜெயித்தவரே போட்டார். ஆனால் படத்துக்காக ஆஸ்கர் வாங்கியது, ஒதுக்கப்பட்டவளாக நடித்த ஜெனிஃபர் ஹட்சன்!

டயானாவையும் பியான்சேயையும் ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் குரலை ஒப்பிடுவார்கள்; இல்லாவிட்டால் உடையை, ஹிட் பாட்டுகளின் எண்ணிக்கையை. அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. குழுவுக்குள் இருந்தபோதே அவர்கள் எப்படித் தனியாக்கப்பட்டார்கள், அந்த முடிவு யார் கையில் இருந்தது, கூட நின்றவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்தால்தான் கதை சூடு பிடிக்கிறது. தனிப்பாடகி என்ற பட்டம் குழு கலைந்த மறுநாள் வந்து சேர்வதில்லை. இரண்டு கதைகளிலும் அது சில வருடங்களுக்கு முன்பே எழுதி முடிக்கப்பட்டுவிட்டது.

டெட்ராய்ட் நகரத்தில், அரசு கட்டிக்கொடுத்த பிரூஸ்டர் குடியிருப்புப் பகுதியில் வளர்ந்த பிள்ளைகள் 1959இல் 'பிரைமெட்ஸ்' என்ற பெயரில் பாட ஆரம்பித்தார்கள். குழுவுக்கு அச்சாணி ஃப்ளாரன்ஸ் பல்லார்ட். 1961இல் பெரி கோர்டியின் மோட்டவுன் நிறுவனம் ஒப்பந்தம் போட்டபோது 'சுப்ரீம்ஸ்' என்ற பெயரைத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான். ஆரம்பத்தில் முன்குரலை மாற்றி மாற்றித்தான் பாடினார்கள். ஒன்றும் ஓடவில்லை. மோட்டவுன் அலுவலகத்திலேயே 'ஹிட் இல்லாத சுப்ரீம்ஸ்' என்று கேலி பேசினார்கள்.

முன்குரல் இனி டயானாதான் என்று கோர்டி முடிவு செய்தார். டயானாவின் குரல் மெலிசானது, கொஞ்சம் மூக்கோடு ஒட்டி வருவது. சர்ச்சில் நின்று பாடினால் ஃப்ளாரன்ஸ் பக்கத்தில் எடுபடாது. ஆனால் கையடக்க ரேடியோவிலும் கார் ஸ்பீக்கரிலும், வாத்திய இரைச்சலுக்கு மேலே தனியாகத் தெரியும். வெள்ளையர் வீட்டு வரவேற்பறைக்குள் தன் பாட்டு நுழைய வேண்டும் என்று கணக்குப் போட்ட கோர்டிக்கு அந்தக் குரல்தான் தேவைப்பட்டது. 1964 ஆகஸ்டில் முதல் முறையாக பில்போர்டு பட்டியலின் முதலிடம். அதையும் சேர்த்துத் தொடர்ந்து ஐந்து பாட்டுகள் முதலிடம் பிடித்தன. 1969 முடிவதற்குள் எண்ணிக்கை 12 ஆனது.

பாட்டு எழுதி இசையமைத்து ஒலிப்பதிவை நடத்தியது ஹாலண்ட், டோஸியர், ஹாலண்ட் என்ற மூவர். கால் எடுத்து வைப்பது சோலி அட்கின்ஸ் சொல்லிக்கொடுத்தபடி. நடப்பது, உட்காருவது, பேசுவது மேக்சின் பவல் சொல்லிக்கொடுத்தபடி. கம்பெனியின் சரக்கு அது. பாடிய மூவருக்கும் அதில் சொந்தமாக இருந்தது தொண்டை மட்டும்தான்.

பியான்சேயின் ஹியூஸ்டன் கதை ஒரு வீட்டுக்குள் நடந்தது. 1990இல் 'கேர்ள்ஸ் டைம்' என்று சிறுமிகள் சிலர் கூடினார்கள். 1993இல் 'ஸ்டார் சர்ச்' என்ற தொலைக்காட்சிப் போட்டியில் ஒரு ராக் குழுவிடம் தோற்றார்கள். (இருபது வருடம் கழித்து அந்தத் தோல்விக் காட்சியை பியான்சே தன் பாட்டு ஒன்றிலேயே வெட்டிச் சேர்த்துக்கொண்டார். வன்மத்தை இவ்வளவு நாள் பத்திரமாக வைத்திருப்பதும் ஒரு திறமைதான்.) அப்பா மேத்யூ நோல்ஸ் ஜெராக்ஸ் கம்பெனியில் பார்த்த விற்பனை வேலையை விட்டுவிட்டு முழுநேர மேனேஜர் ஆனார். அம்மா டினா நடத்திய அழகு நிலையத்தில் வாடிக்கையாளர்கள் முன்னால் பிள்ளைகள் பாடிப் பழகினார்கள். மேடை உடைகளைத் தைத்ததும் டினாதான். குழுவில் இன்னொருவரான கெல்லி ரோலண்ட் அந்த வீட்டிலேயே வளர்ந்தார். எலெக்ட்ரா நிறுவனம் ஒப்பந்தம் போட்டுக் கைவிட, பிறகு கொலம்பியா எடுத்துக்கொண்டது. பைபிளின் ஏசாயா நூலிலிருந்து எடுத்த 'டெஸ்டினி'யோடு 'சைல்ட்' சேர்ந்து குழுவின் பெயரானது.

மேலோட்டமாகப் பார்த்தால், ஒரு பக்கம் கம்பெனி, இன்னொரு பக்கம் குடும்பம். உண்மையில் இரண்டும் கலந்தே கிடந்தன. கோர்டிக்கும் டயானாவுக்கும் காதல் உறவு இருந்தது. கோர்டி தன் சுயசரிதையிலேயே அதை எழுதியிருக்கிறார். மேத்யூ மேனேஜர் மட்டுமல்ல, முன்குரல் பாடுகிறவரின் அப்பா. பங்கு பிரிக்கிறவரே ஒரு பங்காளிக்கு வேண்டியவராக இருந்தால் பாகப்பிரிவினை எப்படி நடக்கும்? மற்ற பெண்களுக்கு அது தெரியாமல் இல்லை.

இனி இரண்டு பாட்டுகளைக் கவனிக்கலாம். இந்த ஒப்பீட்டுக்கு இவற்றைவிட நல்ல சாட்சி கிடையாது.

1969 டிசம்பர் கடைசியில் முதலிடத்துக்கு வந்த 'சம்டே வி வில் பி டுகெதர்' டயானாவோடு சுப்ரீம்ஸ் கொடுத்த கடைசிப் பாட்டு. என்றாவது மறுபடி ஒன்று சேர்வோம் என்பது பொருள். விடைகொடுக்கும் பாட்டு என்று ஊரே உருகியது. இசைத்தட்டில் போட்டிருந்த பெயர் 'டயானா ராஸ் அண்ட் த சுப்ரீம்ஸ்'. ஆனால் குழுவின் மற்ற இருவரான மேரி வில்சனின் குரலோ சிண்டி பேர்ட்சாங்கின் குரலோ அதில் இல்லை. டயானாவின் முதல் தனிப்பாட்டாகத்தான் பதிவு செய்தார்கள். பின்குரலுக்குக் கூலிக்குப் பாடுகிறவர்கள் வந்தார்கள். பாட்டின் இடையே டயானாவுக்குத் தெம்பு சொல்வதுபோல ஓர் ஆண்குரல் கேட்கும். அது தயாரிப்பாளர் ஜானி பிரிஸ்டல். டயானாவை உற்சாகப்படுத்த அவர் போட்ட குரலையும் அப்படியே விட்டுவிட்டார்கள். கேட்டுப் பார்த்த கோர்டி, குழுவின் கடைசிப் பாட்டாக வந்தால் எடுபடும் என்று பெயரை மாற்றினார். ஒன்று சேர்வோம் என்று உருகும் பாட்டில் தயாரிப்பாளருக்கு இடம் இருந்தது. மேரிக்கும் சிண்டிக்கும் இல்லை.

2000 பிப்ரவரியில் டெஸ்டினிஸ் சைல்டின் 'சே மை நேம்' வீடியோ வந்தது. ஜோசப் கான் இயக்கியது. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரே நிறத்தில் ஓர் அறை. நால்வரும் அசையாமல் உட்கார்ந்தும் நின்றும் பாடுவார்கள். நால்வரில் இருவர் புதுமுகங்கள்: மிஷெல் வில்லியம்ஸ், ஃபாரா ஃபிராங்க்ளின். அவர்கள் வாயசைக்கும் ஹார்மனி அவர்களுடையதல்ல; அது அவர்களுக்கு முன் குழுவில் இருந்த லடோயா லக்கெட், லடாவியா ராபர்சன் காலத்தில் பதிவானது. மேத்யூவின் நிர்வாகம் தங்களுக்கு வேண்டாம், வேறு மேனேஜர் வைத்துக்கொள்கிறோம் என்று அந்த இருவரும் 1999 டிசம்பரில் கடிதம் எழுதியிருந்தார்கள். குழுவை விட்டுப் போவதாக அவர்கள் எழுதவில்லை. தங்கள் இடத்தில் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள் என்பது வீடியோ ஒளிபரப்பானபோதுதான் தெரிந்தது. வழக்குப் போட்டார்கள். ஃபாராவும் சில மாதங்களில் போய்விட, குழு மூன்று பேராக நிலைத்தது.

அங்கே அட்டையில் இருந்தவர்களின் குரல் தட்டில் இல்லை. இங்கே தட்டில் இருந்தவர்களின் முகம் திரையில் இல்லை. முப்பது வருட இடைவெளியில் தொழில்நுட்பம்தான் மாறியிருக்கிறது. முன்குரல் நிலையானது, மற்றவை மாற்றிக்கொள்ளக்கூடியவை என்ற கணக்கு அப்படியே இருக்கிறது. ஃப்ளாரன்ஸ் விஷயத்தில் கோர்டி 1967லேயே இதைச் செய்து காட்டியிருந்தார். லாஸ் வேகாஸ் ஃபிளமிங்கோ ஹோட்டல் நிகழ்ச்சியின்போது அவரை அனுப்பிவிட்டு சிண்டியை ஏற்றினார். டயானாவின் பெயர் குழுவின் பெயருக்கு முன்னால் ஏறியதும் அதே சமயத்தில்தான்.

இதுவரை ஒற்றுமை. வெளியே வந்த விதத்தில் இருவரும் நன்றாகவே வேறுபடுகிறார்கள்.

டயானா 1970 ஜனவரி 14 அன்று லாஸ் வேகாஸ் ஃபிரான்டியர் ஹோட்டலில் குழுவோடு கடைசியாகப் பாடினார். தன் இடத்துக்கு வந்த ஜீன் டெரெல்லை அன்றே மேடையில் அறிமுகமும் செய்தார். அடுத்து வந்த முதல் தனிப்பாட்டு 20ஆம் இடத்தோடு நின்றது. அதே 1970இல் அவர் இல்லாத சுப்ரீம்ஸ் பாடிய முதல் பாட்டு 10ஆம் இடம்! இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எல்லாருக்கும் நினைவிருப்பது அந்த வருடம் செப்டம்பரில் முதலிடம் பிடித்த 'எய்ன்ட் நோ மவுண்டன் ஹை இனஃப்' மட்டும்தான். மார்வின் கேயும் டாமி டெரெல்லும் 1967இல் ஜோடியாகப் பாடியதை, அதை எழுதிய ஆஷ்ஃபோர்டும் சிம்சனும் ஆறு நிமிட நாடகமாக நீட்டியிருந்தார்கள்: முதலில் வெறும் பேச்சு, உச்சம் கடைசியில். இவ்வளவு பேச்சு எதற்கு என்று கோர்டிக்குப் பிடிக்கவில்லை. ரேடியோக்காரர்கள் தாங்களே வெட்டி ஒலிபரப்பிய பிறகுதான் சுருக்கிய வடிவத்தை வெளியிட்டார். நல்ல குரல் வளம் என்று டயானாவை யாரும் புகழ்ந்ததில்லை. ஆனால் பேச்சிலிருந்து பாட்டுக்கு அவர் ஏறும் இடத்தில் ஒரு நடிகை தெரிகிறார். 1972இல் ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயாக நடித்த 'லேடி சிங்ஸ் த புளூஸ்' படத்துக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்ததில் ஆச்சரியமில்லை.

அந்தப் படத்துக்கும் பணம் போட்டது மோட்டவுன்தான். அடுத்த படமான 'மஹோகனி'யில் இயக்குநரை நீக்கிவிட்டு கோர்டியே இயக்கினார். தனிப்பாடகி என்று பெயரே தவிர, முதலாளி மாறவில்லை. 1981இல், 37 வயதில், ஆர்சிஏ நிறுவனத்துக்கு மாறியபோதுதான் டயானா ராஸ் நிஜமாகவே தனியானார் என்பது என் எண்ணம். 1989இல் திரும்பி வந்தபோது மோட்டவுனில் பங்குதாரராக வந்தார்.

பியான்சே வெளியேறவே இல்லை. கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டார். 'சர்வைவர்' தொகுப்புக்குப் பிறகு மூவரும் ஆளுக்கொரு தனித்தொகுப்பு என்று திட்டம் போட்டார்கள். 2002 ஏப்ரலில் மிஷெல் நற்செய்திப் பாடல்களோடு வந்தார். கெல்லி ராப் பாடகர் நெல்லியோடு சேர்ந்து பாடிய 'டைலமா' பத்து வாரம் முதலிடத்தில் உட்கார்ந்துவிட்டது. யாரும் எதிர்பார்க்காத அந்த வெற்றியால் கெல்லியின் தொகுப்பை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள், பியான்சேயுடையது தள்ளிப்போனது. ஆஸ்டின் பவர்ஸ் படத்துக்காக அவர் பாடிய முதல் தனிப்பாட்டு அமெரிக்காவில் போணியாகவே இல்லை. அந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தால், குழுவிலிருந்து ஜெயித்தவர் கெல்லி.

2003இல் நிலைமை தலைகீழானது. 1970இல் 'சை-லைட்ஸ்' குழு போட்ட பாட்டிலிருந்து தயாரிப்பாளர் ரிச் ஹாரிசன் உருவிய குழல் வாத்திய முழக்கத்தோடு 'கிரேஸி இன் லவ்' வந்தது. எட்டு வாரம் முதலிடம். தொகுப்பு முதல் வாரத்திலேயே 3,17,000 பிரதிகள் விற்றது. 2004இல் ஐந்து கிராமி விருதுகள். அதன் பிறகு பியான்சே என்ன செய்தார்? திரும்பிப் போய்க் குழுவோடு இன்னொரு தொகுப்பு பாடினார். 2005 ஜூனில் பார்சிலோனா மேடையில் மூவரும் சேர்ந்து நின்று, இந்தப் பயணத்தோடு முடித்துக்கொள்கிறோம் என்றார்கள். துரோகி என்று யாரும் சொல்ல முடியாத பிரிவு அது. 2000இல் கொட்டிய விஷத்துக்கு இது மருந்து என்று நினைக்கிறேன். 2000இல் நடந்த அந்தப் பிரிவுக்குப் பிறகு மன அழுத்தத்தில் விழுந்ததாக பியான்சேயே பின்னால் சொல்லியிருக்கிறார்.

அவரிடம் இன்னொன்றும் இருந்தது: பாட்டில் எழுத்துப் பங்கு. குழுவில் இருந்தபோதே எழுதுகிறவர், தயாரிக்கிறவர் என்ற வரிகளில் அவர் பெயர் ஏறியது. பாடலாசிரியர்களின் உரிமைச் சங்கமான ஆஸ்காப் 2001இல் அந்த ஆண்டின் பாப் பாடலாசிரியர் என்று விருது கொடுத்தது. யார் எவ்வளவு எழுதினார்கள் என்ற சண்டை அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு. ஆனால் ராயல்டி போகும் வரியில் பெயர் இருப்பது மேடையில் முன்னால் நிற்பதைவிடப் பெரிய விஷயம். குழுவில் இருந்தபோது டயானாவுக்கு அந்த வாசல் திறக்கவில்லை. அந்தப் பங்கு கையில் இருந்ததால்தான் 2011இல் அப்பாவை நிர்வாகத்திலிருந்து விலக்கிவிட்டு பியான்சே சொந்தக் கம்பெனியோடு நடக்க முடிந்தது. அப்போது அவருக்கு 29 வயது.

டயானாவை இரக்கமற்ற ஆசைக்காரி என்று எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 1967இல் அவருக்கு வயது 23, ஆளை எடுக்கவும் நீக்கவும் அதிகாரம் கோர்டியிடம் இருந்தது. மேத்யூ செய்ததும் கோர்டி செய்ததும் ஒன்றேதான். கோர்டியின் முடிவுக்கான பழி பாடகி மேல் விழுந்தது; மேத்யூவின் முடிவுக்கான பழியைப் பெரும்பாலும் அவரே சுமந்தார். அப்பா என்பதால் கிடைத்த சலுகை அது.

நீக்கப்பட்டவர்களின் கதையில்தான் முப்பது வருடம் உண்மையான வித்தியாசத்தைக் காட்டுகிறது. முன்னாள் சுப்ரீம்ஸ் பாடகி என்று விளம்பரத்தில் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது ஃப்ளாரன்ஸுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. ஏபிசி நிறுவனத்தில் இரண்டு தட்டுகள் போட்டார், விற்கவில்லை. மோட்டவுன் மேல் வழக்குப் போட்டுத் தோற்றார். அரசு உதவித்தொகையில் பிள்ளைகளை வளர்த்தவர் 1976இல் 32 வயதில் மாரடைப்பில் இறந்தார். லடோயாவின் பெயரை யாரும் பூட்டி வைக்க முடியவில்லை. 2006இல் அவருடைய முதல் தனித்தொகுப்பு பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது.

கூடவே இருந்தவர்கள்? கெல்லியும் மிஷெலும் 2013 சூப்பர் பவுல் மேடைக்கும் 2018 கோச்செல்லா இசைவிழாவுக்கும் பியான்சேயோடு வந்தார்கள். கெல்லி 2009இல் டேவிட் குவெட்டாவோடு பாடிய நடனப்பாட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. மேரி வில்சன் 1977 வரை சுப்ரீம்ஸைத் தாங்கிப் பிடித்தார். 1983இல் மோட்டவுன் வெள்ளிவிழா மேடையில் டயானா அவர் கையிலிருந்த மைக்கைத் தள்ளிய காட்சி பத்திரிகைகளுக்குத் தீனியானது. 2000இல் டயானா சுப்ரீம்ஸ் பெயரில் சுற்றுப்பயணம் கிளம்பியபோது சம்பளப் பேச்சு முறிந்து மேரி சேரவில்லை. பயணமும் பாதியில் நின்றது. மோட்டவுனில் மேரிக்கு வாய்த்தது 1979இல் ஒரே ஒரு தனித்தொகுப்பு. யுனிவர்சல் நிறுவனத்தோடு சேர்ந்து தன் தனிப்பாடல்களை வெளியிடப்போவதாக 2021 பிப்ரவரியில் யூடியூபில் அறிவித்தார். இரண்டு நாள் கழித்து, 76 வயதில், இறந்துபோனார்.