எம்டன் வந்த வழி

பேராக்கின் பால்மரத் தோட்டங்களுக்கு வந்த தமிழர்கள் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். பிறையில் ரயிலேறினால் தைப்பிங், சுங்கை சிப்புட், ஈப்போ. 1914இல் அந்த வழியின் இரு முனைகளையும் ஐந்து வார இடைவெளியில் ஒரே போர்க்கப்பல் தாக்கியது: ஜெர்மனியின் எம்டன்.

'வெல்ட்பொலிட்டிக்' என்ற ஜெர்மானியக் கொள்கையின் பிள்ளை அது. ஐரோப்பாவோடு நின்றுவிடாமல் உலகெங்கும் குடியேற்றமும் கடற்படையும் வேண்டும் என்பது பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் ஆசை. 1897இல் பெர்ன்ஹார்ட் ஃபான் பூலோ அதை நாடாளுமன்றத்தில் முழங்கினார். சீனாவின் கியாவ்சௌ விரிகுடாவையும் அந்த ஆண்டே ஜெர்மனி பிடித்தது. அங்கே எழுந்த சிங்தாவ் துறைமுகம்தான் 1908இல் டான்சிக்கில் நீரில் இறங்கிய எம்டனுக்குத் தளமானது. ஜெர்மனியைப் பற்றிய பயம் பேராக்கிற்குப் புதிதல்ல. 1874இல் பிரிட்டன் பங்கோர் உடன்படிக்கை மூலம் இங்கே கால்வைத்ததற்கு, ஜெர்மனி முந்திக்கொள்ளுமோ என்ற கவலையும் ஒரு காரணம்.

1914 செப்டம்பர் 22 இரவு எம்டனின் குண்டுகளால் சென்னையில் பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன. பல்லாயிரம் பேர் ஊரைவிட்டு ஓடினார்கள். எம்டனின் தலைவர் கார்ல் ஃபான் முல்லர் பின்னர் டியேகோ கார்சியாவில் நிலக்கரி ஏற்றினார். முதல் உலகப் போர் மூண்ட செய்தியே அந்தத் தீவை எட்டியிருக்கவில்லை.

அக்டோபர் 28 விடியலில் பினாங்கு. மூன்று புகைபோக்கிகளோடு பொய்யாக நான்காவதையும் பொருத்தி, பிரிட்டிஷ் கப்பல்போல எம்டன் நுழைந்தது. ரஷ்யக் கப்பல் ஜெம்சுக் டார்பிடோவில் பிளந்தது. அதன் தலைவர் அப்போது கரையில் இருந்தார், மாலுமிகள் எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வெளியேறும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் மூஸ்கேயும் மூழ்கியது. பெர்லினின் ஆசைக்கு விளாடிவோஸ்டாக்கிலிருந்து வந்த பையன்கள் பினாங்குக் கடலில் செத்ததை எந்த வீரக்கதையாலும் என்னால் மறைத்துப் பேச முடியவில்லை.

நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி எம்டனை நொறுக்கியது. கப்பல் போனாலும் கதை மலாயாவை விடவில்லை. எம்டன் அதிகாரி யூலியுஸ் லௌட்டர்பாக் சிங்கப்பூரின் டாங்லின் முகாமில் கைதியாக இருந்தார். 1915 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து முகாமைத் திறந்துவிட்டார்கள். தைப்பிங்கைத் தலைமையிடமாகக் கொண்ட மலாய் ஸ்டேட்ஸ் கைட்ஸ் படையினர் சிலரும் அந்தக் கிளர்ச்சியில் இருந்தார்கள். லௌட்டர்பாக் தப்பி ஜெர்மனி போய்ச் சேர்ந்தார். கிளர்ந்தவர்களில் 47 பேரைச் சிறைச்சுவரருகே நிறுத்தி, ஊரார் பார்க்கச் சுட்டுக் கொன்றார்கள்.