கூண்டில் நின்றவனும் அப்புக்காத்து ஐயாவும்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் பெரியகல்லாற்றில், ஒரு மனிதனை எப்படி விளிப்பது என்பது என்றுமே சிறிய விடயமாக இருந்ததில்லை. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வயல்களை உடையவர் போடியார். கோயிற் பொறுப்பு வகித்தவர் வண்ணக்கர். அரசாணையைத் தாங்கி வந்தவர் உடையார், விதானை. கதிரறுத்தவனுக்கும் வலை வீசியவனுக்கும் வெறும் பெயர்தான். அதுவும் பாதியாய்க் குறுகிய பெயர். இந்த ஏணியில், ஐரோப்பியர் ஆட்சியோடு புதியதொரு படியும் வந்து சேர்ந்தது.

1638இல் ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்தனர். 1795இல் ஆங்கிலேயர் இப்பகுதியைக் கைப்பற்றினர். ஆட்சி கைமாறிற்று, சொற்கள் தங்கிவிட்டன. நொத்தாரிசு ஒல்லாந்தச் சொல். அப்புக்காத்து, பிரக்கிராசி என்பனவும் ஐரோப்பியர் மொழி நம் நாவிலே உருத்திரிந்தவையே. தமிழகத்தார் வழங்கும் வக்கீலோ, பாரசீகத்தின் வழியே வந்த அரபுச் சொல். தனக்காக நியாயம் பேசுகிறவனைக் குறிப்பதற்குக்கூடத் தமிழன் ஆள்வோரின் மொழியிலே கடன்பட்டிருக்கிறான்!

1833இன் நீதிச் சாசனம், அப்புக்காத்துமாரையும் பிரக்கிராசிமாரையும் சேர்த்துக்கொள்ளும் அதிகாரத்தை இலங்கை உயர் நீதிமன்றத்திற்கு அளித்தது. கட்சிக்காரனோடு பேசி, ஆவணம் வரைந்து, வழக்கை ஆயத்தம் செய்பவர் பிரக்கிராசி. மேல்மன்றில் எழுந்து வாதாடுபவர் அப்புக்காத்து. சட்டம் படித்தவரிடையேயும் மேலோர், கீழோர்! 1903இல் அதற்கும் மேலே ஒரு படி அமைந்தது. பொன்னம்பலம் இராமநாதன், பிரெடரிக் டோர்ண்ஹோர்ஸ்ட், தோமஸ் டி சம்பாயோ ஆகிய மூவரும் முதன்முதலாக மன்னரின் வழக்குரைஞர் எனும் பட்டம் பெற்றுப் பட்டங்கி அணிந்தனர்.

பெரியகல்லாற்று உழவன் அந்தப் பட்டங்கியைக் கண்டதில்லை. அவன் கண்டது நொத்தாரிசை. 1840இன் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காணிக் கைமாற்றத்திற்கு நொத்தாரிசின் முன் எழுதிய உறுதியை இன்றியமையாததாக்கிற்று. மட்டக்களப்பிலோ குடி தாய்வழி. வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். முன்னர் பெரியோர் வாய்ச்சொல்லே சாட்சியாயிருந்த இடத்தில், ஒவ்வொரு கலியாணத்திற்கும் ஓர் உறுதி வேண்டியதாயிற்று. மகளுக்கு வளவு கொடுக்கும் தகப்பன், சால்வையை இடுப்பிலே கட்டிக்கொண்டு, 'ஐயா' என்று நொத்தாரிசின் விறாந்தையிலே நின்றான். தன் காணியைத் தன் பிள்ளைக்குக் கொடுக்க வந்தவன் அவன் என்பதை மறந்துவிடலாகாது. ஊரார் வாயிலே வாழ்ந்த முக்குவர் வழமையைக்கூட, 1876இல் கிறிஸ்டோபர் பிறிற்றோ நூலாக்கியது ஆங்கிலத்திலேதான்.

வழக்கென்று வந்துவிட்டால் நிலைமை இன்னும் கடினம். மன்றின் மொழி ஆங்கிலம். வாதாடுவோர் தமக்குள் 'கற்றறிந்த நண்பர்' என்று கொண்டாடிக்கொண்டனர். நீதிபதியை நோக்கி 'மை லோட்' என்று வணங்கினர். இரு தரப்புக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் நின்றார். அவருக்கும் முதலியார் என்றொரு பட்டம் உண்டு. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல்தான்: 'யூ'. பிரபுவுக்கும் அதுதான், பிச்சைக்காரனுக்கும் அதுதான். ஆனால் தமிழிலே நீ, நீர், நீங்கள் என மூன்று உண்டு. சாட்சிக் கூண்டில் நிற்பவன் போடியாரா, வயற்காரனா என்று பார்த்து, அம்மூன்றில் ஒன்றைத் தெரிந்தெடுத்தவர் அந்த முதலியார். எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படாத தீர்ப்பு, வழக்கு விளங்குமுன்னரே வழங்கப்பட்டுவிட்டது.

பட்டங்களைச் சட்டத்தால் மாற்றுவது எளிது. 1973இன் நீதி நிருவாகச் சட்டம், 1974 ஜனவரி முதலாகப் பிரக்கிராசியையும் அப்புக்காத்தையும் சட்டத்தரணி எனும் ஒரே பெயரில் அடக்கிற்று. 1972இல் நாடு குடியரசானதோடு இராணியின் பெயரால் வழங்கிய பட்டமும் வழக்கொழிந்தது. ஆனால் 1984இல் அரசியலமைப்பின் எட்டாவது திருத்தம் சனாதிபதி சட்டத்தரணி என்ற பெயரில் அந்தப் படியை மீண்டும் அமைத்துவிட்டது. முடி போயிற்று; பட்டங்கி போகவில்லை. இந்தியாவிலே, 'மை லார்ட்' என்பதற்கு மாற்றான விளிகளை வழக்கறிஞர் மன்றம் 2006இல் விதித்தது. சென்னை உயர் நீதிமன்ற நீதியரசராயிருந்த கே. சந்துரு, தம்மை அவ்வாறு அழைக்க வேண்டாமென்று தாமே கேட்டுக்கொண்டார். ஆயினும் அந்த விளி அங்கே இன்னும் மறையவில்லை.

நம் மன்றுகளில் மொழியின் கதை வேறு. 1961இல் சிங்களத்தை நீதிமன்ற மொழியாக்கச் சட்டம் வந்தது. நெடுங்காலப் போராட்டத்தின் பின், 1988இல் பதினாறாவது திருத்தம் தமிழுக்கு வடக்கு கிழக்கு மன்றுகளில் உரிய இடத்தை அளித்தது. இப்போது பெரியகல்லாற்றான் களுவாஞ்சிகுடி மன்றிலே கூண்டேறினால், கேள்வி தமிழிலேயே பிறக்கிறது. இடையில் முதலியார் இல்லை. 'நீ' என்று அது தொடங்குமாயின், அது கேட்கிற சட்டத்தரணியின் சொந்தச் சொல்.